பக்கவாட்டில் ஒரு மீட்டர்

பள்ளத்தூர் பேரூராட்சிக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பதினொரு வருசம்.
ஊரில் யார் வீடு கட்டினாலும்
முதலில் என் மெஷினில்தான்
படுத்து எழுந்திருக்கும் அந்த வீடு,
சூடாக, மை வாசத்தோடு.

பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம்,
புலப்பட நகல், வரி ரசீது.
எது முன்னால் எது பின்னால் என்று
கேட்காமலே அடுக்கிக் கொடுப்பேன்.
அந்தக் கோடுகளுக்குள் ஒருநாளும்
நடந்து பார்த்ததில்லை.

போன ஆவணியில் என் முறை.
இரண்டே கால் சென்ட்.
மாமனார் பட்டாவில் பெரியகருப்பன்,
பத்திரத்தில் பெரிய கருப்பன்.
நடுவில் விழுந்த அந்த இடைவெளிக்கு
ஒரு அபிடவிட்,
வி.ஏ.ஓ. ஊரில் இல்லாத ஆறு திங்கட்கிழமை.
எழுத்துக்கு நடுவே இடம் விட்டால் தப்பு,
சுவருக்கு நடுவே விடாவிட்டால் தப்பு.

அபுதாகிர் படம் வரைந்து தந்தான்.
"அக்கா, முன்னால ஒன்றரை, பக்கத்துல ஒரு மீட்டர்
திறந்த இடம் விடணும்."
"யாருக்கு விடணும்?"
"யாருக்கும் இல்ல. காத்துக்கு.
தீப்பிடிச்சா ஓடுறதுக்கு."
வெள்ளைப் பகுதிக்கு மை செலவாகாது,
அதுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பார்வையிட வந்த ஜெசிந்தா மேடம்
டேப்பின் நுனியை என்னிடம் கொடுத்துவிட்டு
கிழக்கே போனார். நின்றார்.
படத்தில் இருக்கிற ஒன்றரை அடி
தரையில் இல்லை.

அங்கே இருந்தது கா.வீர. வீட்டுச் சுவர்.
இந்தத் தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை.
அவ்வளவு பெரிய வீடு,
தூக்கத்தில் கால் போடுகிறவர் மாதிரி
என் மேல் ஒன்றரை அடி.
யார் கொடுத்த அனுமதி, எந்த வருசம்,
கேட்க ஆளில்லை.
நாற்பத்து மூன்று பங்காளிகள்.
கோலாலம்பூரில் சிலர், அண்ணாநகரில் சிலர்.
சாவி வைத்திருப்பவர் மட்டும் உள்ளூர்,
அவருக்குப் பங்கில்லை.

"ஆட்சேபம் எழுதித் தரலாம்" என்றார் மேடம்.
"சர்வேயர் வருவார், நோட்டீஸ் போகும்,
அப்புறம் நாற்பத்து மூணு கையெழுத்து..."
மீதியைச் சொல்லாமல் டேப்பை விட்டார்.
அது சரசரவென்று உள்ளே ஓடிய சத்தத்தில்
என் கேஸ் நடந்து முடிந்துவிட்டது.

இரவு படத்தைத் தரையில் விரித்து
சேதுராசுவும் நானும்
அடுப்படிச் சுவரை உள்ளே தள்ளினோம்.
பென்சிலால்தான். இருந்தும் மூச்சு வாங்கியது.
ஒருவர் உள்ளே போக
ஒருவர் வெளியே வரவேண்டிய அடுப்படி.
"விடுறதாலதான் வீடுன்னு பேர் போல" என்றார் அவர்.
நக்கலா ஆறுதலா தெரியவில்லை.
மணி ஒன்றாகியிருந்தது.

தையில் அனுமதி வந்தது.
முத்திரை போட்ட தாளை
என் மெஷினிலேயே நாலு நகல் எடுத்து
கல்லாவில் எட்டு ரூபாய் போட்டேன்.
முதலாளி பார்க்கவில்லை. போட்டேன்.

மழைநீர்க் குழி வெட்டாமல்
வேலை முடிந்ததென்று எழுத மாட்டார்களாம்.
வெட்டினோம். ஜல்லி, கூழாங்கல், மணல்.
மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே மூடினார்:
"ரெண்டே கால் சென்ட்டுக்கு என்ன பெருசா விழுந்துறப் போகுது."

ஐப்பசி. முதல் அடைமழை.
கா.வீர. வீட்டு ஓட்டுக்கூரை முழுக்க
ஒரு தகரத் தூம்பு வழியே கொட்டுகிறது,
நான் விட்ட ஒரு மீட்டரில்,
நேராக என் குழிக்குள்.
நாற்பத்து மூன்று பேர் தண்ணீர்.
யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அடுப்படி ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.
எட்டிப் பார்க்க அவருக்கு இடமில்லை.
"என்னடி, என்ன" என்கிறார் பின்னாலிருந்து.