திரும்பும் வண்டி

எனக்குப் போர் தெரியாது.
லாரி தெரியும்.
மண்டபம் தென்கரையில் இறங்கும் நண்டு
எத்தனை மணி நேரத்தில் நாறத் தொடங்கும்,
ஓர் ஐஸ் பாரை உடைத்தால் எத்தனை பெட்டிக்கு வரும்,
உச்சிப்புளி கேட் மூடியிருந்தால்
அதில் எத்தனை பெட்டி கெடும்,
தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற்றும் கப்பல்
யாருக்காகவும் நிற்காது,
இதெல்லாம் தெரியும்.

பகலில் நண்டுக் கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலை.
இரவு பதினொன்றுக்கு மேல்
பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தின் படைத்தலைமை.
அணியில் ஐந்து பேர். மற்ற நால்வரும் ஆண்கள்:
தொண்டியில் செல்போன் கடை வைத்திருக்கும் நிஸ்தார்,
ஓசூரில் லேத் ஓட்டும் குணாளன்,
இன்னும் இருவர், எனக்குக் குரல் மட்டும்.
எல்லோருக்கும் டாங்கிதான் வேண்டும்.
பதினெட்டு ஆலை, பதினெட்டிலும் டாங்கி.
நான் ஏழைக் கேட்டு வாங்கினேன்.
மூன்றில் தண்டவாளம், இரண்டில் இன்ஜின்,
இரண்டில் வெறும் லாரி.
"பிரிஸ்கா, இது சண்டை. பார்சல் சர்வீஸ் இல்ல."
சரி என்றேன்.
வரைபடத்தைப் பெரிதாக்கினேன்.

எதிரி மண்ணில் தண்டவாளத்தின் அகலம் வேறு.
சிரித்துவிட்டேன்.
எங்கள் ஊர்ப் பாதையை அகலமாக்கிய வருஷம்
அப்பா ரயிலடியில் ஜல்லி சுமந்தார்.
ஒன்றரை முழ அகலத்துக்கு எத்தனை மாதம் ஆகும் என்று
எங்கள் அரிசிப் பானைக்கே தெரியும்.
டர்னுக்கு ஒரு கட்டம்,
அவசரப்படாமல் மாற்றிக்கொண்டே போனேன்.

நிஸ்தாரின் டாங்கிகள் ஆறு தாண்டிப்
பதினாறு கட்டம் பறந்தன.
பிறகு பனி.
பிறகு எண்ணெய் இல்லை.
இருநூற்றுப் பத்து டாங்கி கோதுமைக் காட்டில்,
கச்சான் அடிக்கும் நாளில்
கரையேற்றிக் கவிழ்த்த வள்ளங்கள் மாதிரி.

அப்போதுதான் கேட்டார்கள்,
லாரி இருக்கா?

இருந்தது.
நிலக்கரி முதலில், பிறகு எண்ணெய், குண்டு கடைசியில்.
ஒற்றைத் தடம். வண்டிகள் விலகிக்கொள்ள
மூன்றே மூன்று ஸ்டேஷன்.
எதை நிறுத்தி எதை விடுவது என்பது,
பாம்பன் ரோட்டுப் பாலத்தில்
சுற்றுலா வேன்கள் செல்ஃபிக்கு நிற்கும் ஞாயிற்றுக்கிழமை
மீன் லாரியை உருவி எடுக்கிற அதே வேலை.
நாற்பதாவது டர்னில் நகரம் விழுந்தது.
குணாளன் மைக்கில் விசிலடித்தான்.
"எங்கக்கா படிச்சீங்க இதெல்லாம்?"
நண்டுகிட்ட, என்றேன்.

அவர்கள் தூங்கப் போனார்கள்.
எனக்குக் கை நிற்கவில்லை, ஏட்டைத் திறந்தேன்.
விளையாட்டுக்கும் ஓர் ஏடு உண்டு,
யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.
முன்முனைக்குப் போன வண்டி முந்நூற்றுப் பன்னிரண்டு, முழுச் சுமை.
வந்த வண்டி முந்நூற்றுப் பன்னிரண்டு.
சுமை என்கிற இடத்தில் சுழி.

காலி வண்டி திரும்பினால் முதலாளி கத்துவார்.
டீசலுக்கு உங்கப்பனா பதில் சொல்வான்,
உப்பையாவது ஏத்திட்டு வரச் சொல்லு என்பார்.
இங்கே காலி வண்டிக்குச் செலவே இல்லை.
ஆள் ஏற்றிப்போன பெட்டியும்
எண்ணெய் ஏற்றிப்போன பெட்டியும்
ஒரே மாதிரி லேசாக, வேகமாக, வீடு வருகின்றன.
திருப்பி ஏற்றுவதற்கு ஒரு பொத்தான் இருக்கும் என்று
மெனு மெனுவாகத் தேடினேன்.
உணவு, எரிபொருள், உதிரிபாகம், ஆள்.
அம்புக்குறிகள் எல்லாம் ஒரே பக்கம்.

மணி நாலேகால்.
வெளியே யாரோ ஐஸ் உடைக்கிறார்கள்.
கம்பெனி ஏட்டிலும் இரண்டே பத்திதான்,
போனது, வந்தது.
நேற்று சாயங்காலம் என் கையால் எழுதியது:
போனது, நாற்பத்தொன்று.

திரையில் வெற்றிக் கொடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
அதை அணைக்காமல்
ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு
கரைக்கு எண்ணப் போனேன்.