முள் அடங்கும் நேரம்

டால்காவே சந்தையில் ஜூலை மாதம்
பனிக்கட்டிக்கும் மீனுக்கும் ஒரே நிறம்.
எதெல்மிரா பாரியாவின் தராசு மேல்
மூன்றாவது புகார்.
ஸ்பேனரும் ஸ்டாப்வாட்சும் ஈய முத்திரையுமாக
எதிர்த்தீவிலிருந்து வந்து இறங்கினேன்,
வழியெல்லாம் படகில் குமட்டிக்கொண்டு.

ஹோட்டல் சமையல்காரர் ஒனோஃப்ரே கார்க்காமோ சொன்னார்:
“முள் உச்சிக்குத் தாவும்போதே விலை சொல்லிவிடுகிறாள்.
அது இறங்கி வருமுன் மீன் தாளுக்குள் போய்விடுகிறது.”
அவள் மறுக்கவில்லை. கத்தியைத் துடைத்தபடி,
“போன மாதம் முள் ஊர்ந்தது.
நின்றுவிட்டது என்று நினைத்துக் குறைத்தே விற்றேன்.
அப்போது எவரும் புகார் எழுதவில்லையே?” என்றாள்.

பின்மூடியைக் கழற்றினேன்.
சுருள்வில்லில் குறையில்லை.
பக்கத்தில் எண்ணெய்க் குப்பி,
உள்ளே உலக்கை போல் ஏறி இறங்க ஒரு தண்டு.
குப்பி காலி.
குளிரில் இறுகிய எண்ணெயை
வெந்நீர் விட்டு அவளே கவிழ்த்திருக்கிறாள்.

மீன் மடிக்கும் தாளில் கணக்குப் போட்டேன்.
நிறை, தணிப்பு, வில்லின் விறைப்பு.
மூன்றே எண்கள்; இருபடிச் சமன்பாடு;
ஆகவே மூலங்கள் இரண்டு.
தணிப்பு தோற்றால்
வர்க்கமூலக் குறிக்குள் குறை எண் வந்து உட்காரும்.
மூலங்கள் ஜோடியாகப் பிரிந்து
ஒன்று அச்சுக்கு மேலே, ஒன்று கீழே நிற்கும்.
எவ்வளவு வேகமாக ஆடுவது என்பதைக் கற்பனைப் பகுதி சொல்லும்.
எப்போது அடங்குவது என்பதை மெய்ப்பகுதி சொல்லும்.
எண்ணெயில்லாத தராசில்
மெய் கொஞ்சமே கொஞ்சம்.

எண்ணெய் மிஞ்சினால் ஆட்டமில்லை, கற்பனையே இல்லை.
இரண்டும் மெய்:
ஒன்று சுறுசுறுப்பு, ஒன்று சோம்பல்.
சுறுசுறுப்பானது முதல் நொடியிலேயே வேலை முடித்துக் கிளம்பிவிடும்.
அப்புறம் முள்ளை இழுத்துப் பிடித்து வைப்பதெல்லாம்
சோம்பலானதுதான்.
(இந்த வரியில் எங்கள் அலுவலகம் நினைவுக்கு வந்தது.)

நடுவில் ஓர் இடம் இருக்கிறது.
குறிக்குள் சுழியம்.
இரண்டு மூலமும் ஒன்றின் மேல் ஒன்று.
அங்கே முள் தாண்டாது, தயங்காது,
அழைத்ததும் வந்து உட்காரும்.
அதை வைத்துவிடலாம் என்றுதான் போனேன்.

ஐந்து கிலோ படிக்கல்லுக்கு அளந்து ஊற்றிய எண்ணெயில்
பன்னிரண்டு கிலோ காங்கிரியோ மீன் துள்ளியது.
கால் கிலோ சிப்பி
நத்தையாகவே மாறிவிட்டது.
நிறை மாறினால் மூலங்கள் இடம் மாறும்;
மாலைக் குளிர் இறங்கினால் இன்னொரு முறை.
எல்லா மீனுக்கும் சரியான எண்ணெய் எந்தக் கடையிலும் இல்லை.
அவளிடம் அதிகம் விற்பது மெர்லூசா மீன்.
அதன் கணக்கில் வைத்தேன்.

முள் வந்தது. நின்றது.
ஒனோஃப்ரே புருவத்தை உயர்த்தினார்.
“சிக்கிக்கொண்டதா?”
கண்ணாடியை விரலால் தட்டினார்.
மறுபடி தட்டினார்.
அளவுகோல் தவறவில்லை, நான் என்ன செய்ய?

ஊசிக்குழலால் எண்ணெயை உறிஞ்சி எடுத்தேன்,
சில துளிகள்தான்.
இப்போது முள் ஒரு மயிரிழை தாண்டியது,
நாணியது போலத் திரும்பியது, நின்றது.
அவர் பணப்பையை எடுத்தார்.
ஒழுங்கு அவரை நம்பவைக்கவில்லை,
அந்தச் சின்னத் தடுமாற்றம் நம்பவைத்தது.

இரண்டு கிலோ நானூறு.
முள் தாவிய மாதத்திலும் ஊர்ந்த மாதத்திலும்
இந்த மீனை வைத்திருந்தால்
கடைசியில் இதையேதான் காட்டியிருக்கும்.
கடைசிவரை நிற்க
இந்தக் குளிரில் யாருக்கு நேரம்?

முத்திரையை நசுக்கி ஒட்டினேன்.
எதெல்மிரா இரண்டு மெர்லூசாவைத் தாளில் சுற்றி
என் பெட்டி மேல் வைத்தாள்,
எடை போடாமல்.
வாங்கக் கூடாது என்பது விதி.
படகு ஊதியது.
தாளுக்குள் என் கணக்கு ஈரமாகிக்கொண்டிருந்தது,
வாங்கிக்கொண்டேன்.