நட்சத்திரம், வெளி, புள்ளி

rm *.tmp
என்று அடித்திருக்க வேண்டும்.
வியாழன் இரவு. போன கரண்ட் அப்போதுதான் வந்து
காற்றாடி திரும்பச் சுற்றத் தொடங்க,
மணிக்கட்டில் நுளம்பு ஒன்று குந்த,
பெருவிரல் இடைவெளிக் கட்டையில் பட்டுவிட்டது.

நட்சத்திரம், வெளி, புள்ளி.

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு
கொக்குவிலில் வாரம் மூன்று பின்னேரம்
இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.
வேலை கொடுத்தான்: மாதச் சம்பளம்.
வேலைக் கொடுத்தான்: கூரான ஆயுதம்.
ஒரு ஒற்றில் கதை மாறிவிடும் என்று
பலகையில் இரட்டைக் கோடு இழுத்தவள்.

கறுப்புத் திரை ஒன்றைத்தான் முறையிட்டது:
.tmp என்று ஒரு கோப்பு இங்கே இல்லை.
இருந்த இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாலைப் பற்றி
ஒரு சொல்லும் இல்லை.
வேலை சரியாக முடிந்தால் அது பேசாது.
அந்தக் குணத்தை மெச்சியிருக்கிறேன்,
வாய்காரர் நிறைந்த ஒழுங்கையில் இருந்துகொண்டு.

யோகபாலன் படம் எடுத்த கலியாணம்.
உடுவில் மாப்பிள்ளை, அளவெட்டிப் பொம்பிளை.
ஒஸ்லோவில் தமையன் காத்திருக்கிறான்.
கமரா அட்டையை மனிசன் அடுத்த நாளே
ஒரு சாமத்திய வீட்டுக்கென்று துடைத்துவிட்டார்.

"ஒண்டும் மிஞ்சேல்லையோ?"
ls அடித்தேன். வெறுமை.
ls -a அடித்திருக்கக் கூடாது.

தலையில் புள்ளி வைத்தால்
தமிழில் உயிர் போய் மெய் நிற்கும்.
இங்கே தலையில் புள்ளி வைத்த கோப்பு
கண்ணுக்குத் தெரியாது,
நட்சத்திரத்தின் கைக்கும் எட்டாது.
அப்படி ஒன்று, ஒன்றே ஒன்று, தப்பியிருந்தது:
.seettu
மூன்று வருசம், மாதம் ஐயாயிரம்,
அவருக்குச் சொல்லாமல்.
குனிந்து கடைசி வரி மட்டும் வாசித்தார்.
பிறகு, "தேத்தண்ணி போடவோ?" என்றார்.
அது கோபமா என்று இன்றுவரை தெரியாது.

அன்ரனிப்பிள்ளை வீட்டில் ஒரு டிஸ்க் இரவல்.
அழிப்பது என்று நாங்கள் சொல்வது
பெயரைக் கழற்றுவது மட்டும்தான்.
உடம்பு அதே இடத்தில் கிடக்கும்,
வேறொன்று வந்து அதன்மேல் படுக்கும் வரை.
மீட்கும் கட்டளை விடிய விடியத் துழாவியது.
தாவடிப் பக்கம் ரயில் ஊதிப் போகையில் எண்ணினேன்.
தொலைத்தது 2314.
வந்தது 3902.

எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர்.
எடுத்த நொடியைப் பிடித்து வரிசையாக்க
ஒரு வரி போதும்.
தாலி ஏறியது, அறுகரிசி விழுந்தது,
கார் புறப்பட்டது, எல்லாம் முறைப்படி.
மிச்சத்தில் மூடிய கண்கள், ஆடிய கைகள்,
கவளத்துக்குத் திறந்த வாய்கள்,
போன ஆவணி மானிப்பாயில் ஒரு நிச்சயதார்த்தம்.

குழம்பிப் போனது அது.
"எனக்கு முன்னாலேயே அழியுங்கோ அக்கா" என்று
கடை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மதுரிகா.
அழித்தேன். வெறும் திரையைக் காட்டினேன்.
அவள் நம்பினாள்.
நானும்.

அறுபத்தொரு படம்.

இந்த முறை மூன்று தரம் மேலெழுதும் கட்டளை.
அதற்கு முதல் ஒவ்வொன்றையும் திறந்து கேட்கும்படி
நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன்.

அழிக்கவோ?
ஓம்.
அழிக்கவோ?
ஓம்.

நாற்பத்தெட்டாவதில் அவள் தனிய,
மோதிரத்துக்கு அரைமணித்தியாலம் முந்தி,
செருப்பு வார் பூட்டக் குனிந்தபடி
கமராவுக்கு அல்ல, யாருக்கோ சிரிக்கிறாள்.
மனிசன் எடுத்ததில் மிக நல்ல படம்.

அழிக்கவோ?
கேட்டது நான்தான்.
எங்கேயாவது ஒரு வெளி விழுந்திருக்கிறதா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.
ஓம்.

இன்னும் பதின்மூன்று இருந்தன.