இறுதி அறிக்கை

கேட்டது பன்னிரண்டாயிரம் டாலர்.
டுலூத் நகர மன்றம் கொடுத்தது மூவாயிரத்து நானூறு,
கூரைக்குச் செலவிடக் கூடாதென்ற விதியோடு.
ஆகவே வாளியை நாடகத்துக்குள் சேர்த்துக்கொண்டோம்.
சொட்டும் ஒவ்வொரு துளிக்கும்
ஒரு கணம் நின்று பேசினாள் வில்ஹெல்மினா ஆஹோ.
சிரித்தார்கள்.

இப்போது படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
பயனடைந்தோர் எத்தனை பேர்?

டிக்கெட் அடிக்கட்டைகளை எண்ணினேன். முப்பத்தொன்று.
அப்புறம் அந்த ஆள்:
பனி அள்ளும் வண்டியைத் தெருவில் உறுமவிட்டு,
கையுறையைக்கூடக் கழற்றாமல்
கடைசிக் காட்சி முழுக்கக் கதவோரம் நின்றவர்.
சட்டையில் நகராட்சி முத்திரை.
அதே கஜானாதான் அவருக்கும் படியளக்கிறது.
வெளியே எங்கள் தெரு
இருபது நிமிடம் வெள்ளையாகவே கிடந்தது.

முப்பத்திரண்டு என்று எழுதினேன்.
தெருவைப் பற்றிப் படிவத்தில்
கேள்வி எதுவும் இல்லை.