பால்

எட்டாம் பிரிவில் ஒரு சொல் சேர்ந்த வருஷம்
பாடாங் செராய் பால் ஸ்டோரில்
கிராணி நாளிதழை உரக்க வாசித்தார்:
"மதம், இனம், பிறப்பிடம்... இனி பால்."
வாளியை இறக்கிவைத்த தனபாக்கியம் சிரித்தாள்:
"அதைத்தானே விடியலிலிருந்து சுமக்கிறேன்?"

மூன்று வருஷம் கழித்து
ஹட்யாய் ஆஸ்பத்திரியில் முகிலன் பிறந்தான்.
அப்பா இந்நாட்டவரா? பதிவு முகப்பில் கேட்டார்கள்.
இல்லை, நான்தான்.
பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிறகும் திருத்தினார்கள்.
தந்தை என்ற சொல்லருகே
தாய்க்கும் இடம் விட்டார்கள்.
அன்று பட்டணத்து ஒட்டுக்கடையில்
எல்லோருக்கும் கோப்பி அவள் செலவு.

கடைசி வரியைக் கிராணியின் மகன்
குரல் தாழ்த்தி வாசித்தான்:
இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு.

வெளியே முகிலன்
யாருடைய பைக்கையோ துடைத்துக்கொண்டிருந்தான்,
சட்டத்தைவிட
இருபது வயது மூத்தவன்.