பதினான்காம் கேள்வி

"என் வேலையை எப்படிச் செய்வதென்று
நானே தீர்மானிக்கிறேன்."
முற்றிலும் மறுக்கிறேன் தொடங்கி
முற்றிலும் ஏற்கிறேன் வரை ஐந்து வட்டங்கள்.
ஜெர்மனிலிருந்து தமிழுக்குக் கொண்டுவர
மூன்று இரவு பிடித்தது.
தீர்மானிக்கிறேன் என்பதா, முடிவெடுக்கிறேன் என்பதா,
என்ரை விருப்பம் என்றால் போதாதா?

பேர்ன் நகரில் பதினொரு உணவகங்கள்.
பின்கதவு, குப்பைத்தொட்டி, ஈரச் சப்பாத்துகள்.
இரவு பத்தரைக்குப் பிறகுதான் பேசலாம்,
அதுவும் கடைசி டிராம் வரும்வரை.
முதுகலை, நான்காம் பருவம்,
வேலை மற்றும் அமைப்பு உளவியல் என்றேன்.
"விசர் வைத்தியமோ பிள்ளை?" என்றார் ஒருவர்.
இல்லை அண்ணை, இது வேலையைப் பற்றினது.
"அப்ப அதுதான்."

அநேகமாய் எல்லாருமே நடுவட்டத்தை நிரப்பினார்கள்.
நடுவில் நிற்பதுதான் பாதுகாப்பென்று
எந்த நாட்டில் கற்றுக்கொண்டார்கள்?
நான் கேட்கவில்லை.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

குகபாலன் மட்டும் பதினான்கில் நின்றுவிட்டார்.
பேனா வட்டத்துக்கு வட்டம் தாவியது.
"தட்டு வருது, கழுவுறன். இதிலை என்ன தீர்மானம்?"
பிறகு, யாரும் கேட்காமலே:
கண்ணாடிக் குவளைகள் முதலில், தண்ணீர் புதிதாய் இருக்கையில்.
சீஸ் உருக்கிய சட்டிகள் ஊறட்டும், கடைசியில் பார்க்கலாம்.
கத்தியை ஒருநாளும் நுரைக்குள் விடுவதில்லை,
புதுப் பெடியன் ஒருத்தனின் விரல் போன பிறகு.
இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?
"ஆர் சொல்லுறது. இருவத்தொரு வருசம்."
டிராம் ஒன்றைத் தவறவிட்டு இருபது நிமிடம் பேசினார்.
மூன்றில் புள்ளி வைத்தார்.

கணினி சொன்னது:
பதினான்கு மற்றக் கேள்விகளோடு ஒத்துப்போகவில்லை;
நீக்கினால் நம்பகக் கெழு
புள்ளி அறுபத்தாறிலிருந்து புள்ளி எண்பத்தொன்றுக்கு ஏறும்.
பேராசிரியை வூத்ரிக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
"எடுத்துவிடு, அடிக்குறிப்பில் ஒரு வரி போடு" என்றார்.
நியாயம்தான்.
அவர் சொல்லாவிட்டாலும் எடுத்திருப்பேன்.
ஆறுக்கு ஐந்தரை.

சூரிச்சில் ஒரு காப்புறுதி நிறுவனம்.
ஊழியரின் ஈடுபாட்டை அளக்க ஆள் தேவையாம்;
நாலாயிரம் பேர், ஆண்டுக்கு இருமுறை, அதே ஐந்து வட்டங்கள்.
ஜன்னலுக்கு வெளியே ஏரி, மேசையில் குமிழித் தண்ணீர்.
"உங்கள் ஆய்வால் ஏதாவது மாறியதா?"

மாறியது.
ஒரு படிவத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தது:
தரை வழுக்குது. றப்பர் பாய் கேட்டு எட்டு மாசம்.
எதையும் வெளியே சொல்லேன் என்று
ஒப்பமிட்டுக் கொடுத்தவள் நான்.
ஆனாலும் பதினொரு முதலாளிகளிடமும்
பொதுவாகச் சொல்வதுபோலத்
தரைகளைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தேன்.
இரண்டு கிழமையில் பாய் வந்துவிட்டதாம்,
யாரோ சொன்னார்கள்.
ஆய்வேட்டில் அது இல்லை. சுயவிவரத்தில்
எந்தத் தலைப்பின் கீழ் போடுவது?

"மாதிரி அளவு சிறியது" என்றேன்.
தலையாட்டி எழுதிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில்
ஒல்ட்டனில் ரயில் நின்றுகொண்டே இருந்தது.
அந்தப் பாய் என்ன நிறமென்று
நான் போய்ப் பார்க்கவே இல்லை.