உப்பும் மிளகும்

மெஸ்தியா மினிபஸ் ஓட்டுநர்
மிட்டாய்ப் பெட்டியில் கொண்டுவந்தார்
ஆறு கண்ணாடிச் சில்லுகளை.
வழியில் பனிச்சரிவு; குத்தாய்சி வந்துசேர ஒரு நாள் தாமதம்.
திறந்தால் இன்னும் சாக்லேட் வாசனை.

சீட்டில் நஸிப்ரோலாவின் அவசரக் கையெழுத்து:
பிமுர்ஸா, ஐம்பத்தெட்டு. முன்கழுத்தில் கட்டி.
ஆறு வாரத்தில் இரட்டித்தது என்கிறார் மனைவி.
குரல் கம்மிவிட்டது.
கோயில் பாட்டுக்குழுவில் அடிக்குரல் இவருடையது.

கடைசி வரி எனக்குத் தேவையில்லாதது.
அதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

சாயமேற்றிக் கண்ணை வைத்தால்
நீள நீளமான செல்கள், ஒன்றையொன்று தொடாமல்,
சந்தை கலைந்தபின் நிற்கிற ஆட்களைப் போல.
நடுவே பூதாகாரமாய் ஒன்று, இரண்டு உட்கருவோடு.
பழகிய முகம்தான்.
அந்தப் பெயர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது,
அனாபிளாஸ்டிக்:
மாதக் கணக்கு, அதுவும் ஒரு கைவிரலுக்குள்.

எழுதவில்லை.
செத்த திசுவின் குப்பை எங்கே?
இத்தனை வேகமென்றால்
பிளந்துகொண்டிருக்கும் செல் ஒன்றாவது வேண்டாமா?

புல் அறுப்பவனைப் போல் வரிசை வரிசையாகப் போனேன்.
நான்காவது சில்லின் ஓரத்தில், உட்கருவுக்குள்
நறநறவென்று ஒரு பொடி.
அந்த மலைக்காரர்கள் உப்போடு பூண்டும் மல்லியும் இடிப்பார்கள்.
இது வெறும் உப்பு, வெறும் மிளகு,
ஒரே கை தூவியது.
பக்கத்திலேயே ஒரு கெட்டிப் படிவு.
காங்கோ சிவப்பு ஏற்றி ஒளியைத் திருப்பினேன்:
பச்சை ஆப்பிளின் தோல்.

மெடுல்லரி.
கொடியதுதான்.
ஆனால் கத்திக்கு எட்டக்கூடிய கொடியது.

தொலைபேசியில் நஸிப்ரோலா மூச்சுவிட்டாள்.
வீட்டில் வேறு யாருக்காவது, என்றேன்.
அக்கா ஒருத்தி, லாம்ஸிரா, பன்னிரண்டு வருஷமாச்சு.
நீங்கள்தானே பார்த்தீர்கள்?

நிலவறையில் அந்தச் சில்லு இருந்தது.
பழுப்பேறிய சீட்டில் என் கையெழுத்து:
அனாபிளாஸ்டிக். சந்தேகமில்லை.
'சந்தேகமில்லை'யின் கீழே ஒரு கோடு வேறு.
சாயம் வெளுத்துவிட்டது.
மிளகு வெளுக்கவில்லை.

விளக்கை அணைக்கவா என்று கேட்டாள்
கூட்ட வந்த மாக்வாலா.
வேண்டாம் என்றேன்.

லாம்ஸிராவுக்கு இரண்டு பெண்கள்.
ஒருத்தி பாதுமியில்; ஒருத்தி துருக்கியில், தேயிலை பறிக்க.
ரத்தவழி இறங்குகிற நோய் இது.
முதலில் எதைச் சொல்வது,
உங்கள் கழுத்தைப் பார்க்கவேண்டும் என்பதையா,
உங்கள் அம்மாவை நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதையா?

பழைய அறிக்கையில் அந்தக் கோட்டை அடித்தேன்,
பிறகு அதன் மேலிருந்த சொல்லை.
இன்றைய தேதி போட்டேன்.

பாதுமியில் மணி அடித்தது.
எடுத்தவளின் குரல் கொஞ்சம் கரகரத்தது.
சளியாக இருக்கலாம்.